இரண்டாவது குடோன் எடுப்பதா, இருக்கும் சரக்கைக் குறைப்பதா? பம்ப் உதிரிபாக மொத்த வணிகத்தில் ஒரு சிக்கல்

கேள்வி: கோவை உதிரிபாகம்

வணக்கம். கோயம்புத்தூரில் பம்ப், மோட்டார் உதிரிபாகங்களை மொத்தமாக வாங்கி விற்கும் தொழில் எங்களுடையது. நகரத்து ரீவைண்டிங் பட்டறைக்காரர்கள் நேராகக் கவுண்டருக்கு வந்து வாங்குவார்கள்; பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், கோபி பக்கத்துக் கடைகளுக்குப் பார்சல் சர்வீஸில் அனுப்புகிறோம். பேரிங், மெக்கானிக்கல் சீல், கெப்பாசிட்டர், இம்பெல்லர், புஷ், வைண்டிங் ஒயர் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உருப்படிகள் இருக்கின்றன.

குடோனில் கால் வைக்க இடமில்லை. ஆனாலும் கேட்ட பொருளை எடுத்துக் கொடுக்க முடியாமல் போவது கோடைக்குக் கோடை அதிகமாகிக்கொண்டே வருகிறது. மார்ச் முதல் மே வரை கிணற்றிலும் போர்வெல்லிலும் தண்ணீர் இறங்கி, மின்னழுத்தமும் குறைந்து, மோட்டார்கள் எரிகிற காலம்தான் எங்களுக்குச் சீசன். அந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் 6203 பேரிங் நாற்பது இருப்பதாகக் காட்டும். பையன் உள்ளே போய்த் தேடுவான். அவன் வெறுங்கையோடு திரும்புவதற்குள் மெக்கானிக் அடுத்த கடையில் வாங்கிக்கொண்டு போயிருப்பார். இரண்டு நாள் கழித்து அந்தப் பெட்டி ஒயர் காயில்களுக்குப் பின்னால் கிடைக்கும்.

நீலம்பூர்ப் பக்கம் பெரிய ஷெட் ஒன்று குறைந்த வாடகைக்கு வந்திருக்கிறது. அதை எடுத்துச் சரக்கைப் பிரித்து வைத்தால் நெரிசல் தீரும் என்பது என் எண்ணம். “சரக்கு இருந்தால்தான் வியாபாரம்” என்பது அப்பாவின் கட்சி. வங்கி மேலாளரோ, விற்பனையோடு ஒப்பிட்டால் இருப்பு மிகவும் அதிகம் என்று ஒவ்வொரு கடன் புதுப்பித்தலின்போதும் சொல்கிறார். இதற்கிடையில் கிடங்கு மேலாண்மை மென்பொருள் விற்பவர் ஒருவர், அதை வாங்கிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். எதை முதலில் செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஒரகடம் ஸ்டோர்ஸ்

ஐயா, வாகன உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் பொறுப்பாளராக இருக்கிறேன். உங்கள் கேள்வியில் இருப்பது இடப் பற்றாக்குறை அல்ல என்றே எனக்குப் படுகிறது. கணக்கில் நாற்பது பேரிங் இருந்தும் கைக்கு ஒன்றுகூட அகப்படாத குடோனை இரண்டு மடங்கு பெரிதாக்கினால், தேட வேண்டிய தூரம்தான் இரண்டு மடங்காகும்.

முதலில் குடோனுக்கு முகவரி கொடுங்கள். ஒவ்வொரு வரிசை, அதிலுள்ள ஒவ்வொரு ரேக், அதன் ஒவ்வொரு தட்டு, தட்டிலுள்ள ஒவ்வொரு பெட்டி எல்லாவற்றுக்கும் எண் இருக்க வேண்டும்; “3–2–4–1” என்று சொன்னால் நேற்றுச் சேர்ந்த பையன்கூட மூன்றாம் வரிசை, இரண்டாம் ரேக், நான்காம் தட்டு, முதல் பெட்டி என்று கண்ணை மூடிக்கொண்டு போக வேண்டும். பில்லிங் மென்பொருளில் பொருளின் பெயருக்குப் பக்கத்திலேயே இந்த எண் வரும்படி செய்துவிடலாம். இதற்குப் புதிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. எண்ணில்லாத இடத்தில் ஒரு பெட்டியும் இறங்கக் கூடாது என்பதுதான் கடினமான பகுதி. லாரி வந்து நிற்கும், ஆள் இருக்க மாட்டார்கள், “இப்போதைக்கு இங்கே வை” என்று யாராவது சொல்வார்கள். உங்கள் 6203 ஒயர் காயிலுக்குப் பின்னால் போனது அப்படித்தான் இருக்கும். வந்த சரக்கைச் சரிபார்த்து இடம் சேர்க்கும் வரை வைப்பதற்கென்று வாசலருகே தரையில் மஞ்சள் கோடு போட்டு ஒரு கட்டம் ஒதுக்குங்கள். அந்தக் கட்டம் மாலையில் காலியாக இருக்கிறதா என்பதை நீங்களே பார்த்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்க வேண்டும்.

பேரிங்கில் இன்னொரு தொல்லையும் உண்டு. 6203 என்றால் உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40 மி.மீ., அகலம் 12 மி.மீ. என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இருபுறமும் உலோக மூடி உள்ளது, ரப்பர் சீல் உள்ளது, உள் இடைவெளி கூடுதலாக உள்ள சி-3 வகை எல்லாம் ஒரே நிறப் பெட்டியில் வருகின்றன. இவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் மாற்றி எடுப்பது நிச்சயம். ஒன்றில் இரண்டு குறைந்து மற்றதில் இரண்டு கூடியிருக்கும், மொத்தம் மட்டும் சரியாக இருக்கும். ஒத்த தோற்றமுள்ள பொருள்களை வேண்டுமென்றே தள்ளித் தள்ளி வையுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை மார்ச் 31 அன்று கடையை மூடி எண்ணுவதால் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் வித்தியாசம் தெரியவரும்போது அது எந்த மாதத்தில், யார் கையில் நேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தினமும் காலையில் கவுண்டர் சூடுபிடிப்பதற்கு முன் இருபது உருப்படிகளை எண்ணுங்கள். அதிகம் ஓடும் பொருள் மாதம் ஒருமுறையும், ஓடாதது ஆண்டுக்கு ஒருமுறையும் முறைக்கு வந்தால் போதும். எண்ணுகிறவரிடம் கணக்கிலுள்ள எண்ணிக்கையை முன்கூட்டியே காட்டக் கூடாது. காட்டினால் அதையே திருப்பி எழுதிவிடுவார்கள்.

நீலம்பூர் ஷெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே பொருளை இரண்டு இடங்களில் வைத்து, இரண்டிலிருந்தும் தனித்தனியாக விற்கத் தொடங்கினால், எதிர்பாராத தேவைக்காக வைக்கும் காப்பு இருப்பு இரண்டின் வர்க்கமூல அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 41 சதவீதம் கூடும் என்பது கிடங்குத் துறையில் பழைய கணக்கு. 2017இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பெரிய நிறுவனங்கள் பல மாநிலக் கிடங்குகளை மூடி ஒன்றாக்கியதற்கும் இது ஒரு காரணம். அதற்கு முன்பு 2 சதவீத மத்திய விற்பனை வரியைத் தவிர்ப்பதற்காகத்தான் மாநிலத்துக்கு ஒரு டிப்போ வைத்திருந்தார்கள். அந்த வரி போனதும் பிரித்து வைப்பதற்கான காரணமும் போய்விட்டது. எடுத்தே தீர வேண்டுமென்றால் ஒயர் காயில் போன்ற இடம் அடைக்கும் சரக்கின் உடைக்காத கட்டுகளை மட்டும் அங்கே வையுங்கள், அங்கிருந்து நேரடி விற்பனை வேண்டாம்.

பதில்: பழைய கொள்முதல்காரன்

ஒரகடம் நண்பர் சொன்னது அனைத்தும் சரி, ஆனால் அது பாதிதான். இருப்பதைக் கண்டுபிடிக்க முடியாமல் போவது ஒன்று. உண்மையிலேயே இல்லாமல் போவது வேறொன்று. நூற்பாலையின் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்துப் பணி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இரண்டாவதைப் பற்றிச் சொல்கிறேன்.

உங்களைப் போன்றவர்கள் விற்பனையைக் கவனிக்கும் அளவுக்குச் சரக்கு வந்து சேரும் காலத்தைக் கவனிப்பதில்லை. ராஜ்கோட்டிலிருந்து வரும் சீலுக்குப் பத்து நாள் ஆகும் என்று வாயால் சொல்வீர்கள். ஆர்டர் போட்ட தேதியையும் சரக்கு இறங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் ஒருமுறை ஆறு நாளிலும் மறுமுறை பதினாறு நாளிலும் வந்திருக்கும். உங்கள் இருப்பைத் தீர்மானிப்பது சராசரியைவிட இந்த ஊசலாட்டம்தான். ஒரு சீல் நாளொன்றுக்குச் சராசரி 8 விற்கிறது, அது 3 என்ற திட்ட விலக்கத்தில் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) கூடிக் குறைகிறது, வந்து சேரப் பத்து நாள் ஆகிறது என்று கொள்வோம். அந்தப் பத்து நாள் தவறாமல் பத்து நாளாகவே இருந்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை தட்டுப்பாடு வராமல் காக்க 16 சீல் உபரியாக இருந்தால் போதும். அதே பத்து நாள் 4 நாள் திட்ட விலக்கத்தோடு முன்னும் பின்னும் ஆடினால் 55 சீல் வேண்டும். விற்பனையில் எதுவும் மாறவில்லை, சப்ளையரின் ஒழுங்கு மட்டும்தான் மாறியது. அந்த ஆட்டத்தை 2 நாளாகக் குறைக்க முடிந்தால் 31 போதும். எனவே சப்ளையரிடம் விலையில் அரை சதவீதம் குறைக்கப் பேரம் பேசும் நேரத்தில், குறிப்பிட்ட கிழமையில் லாரியில் ஏற்றச் சொல்லிப் பேரம் பேசுங்கள். உங்கள் குடோனில் இடம் அங்கிருந்துதான் பிறக்கும்.

மறு ஆர்டர் அளவு என்பது வந்து சேரும் காலத்துக்கான விற்பனையும் காப்பு இருப்பும் சேர்ந்தது. மேலே சொன்ன சீலுக்கு அது 80ம் 55ம் சேர்ந்து 135. கையிருப்பும் வழியில் வந்துகொண்டிருப்பதும் சேர்ந்து இந்த எண்ணைத் தொடும் அன்றே ஆர்டர் போக வேண்டும். பெட்டி காலியான பிறகு அல்ல. கோடைக்கு இந்த எண்ணைப் பிப்ரவரியிலேயே உயர்த்தி, ஜூன் தொடக்கத்தில் இறக்கிவிட வேண்டும். உயர்த்துவதற்கு யாரும் மறப்பதில்லை. இறக்குவதற்கு மறந்துவிட்டு, மழைக்காலத்தில் கோடைச் சரக்கோடு உட்கார்ந்திருப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறைக்கு எவ்வளவு வாங்குவது என்பதற்கு 1913இல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. ஆண்டுக்கு 2,400 பேரிங் விற்பனை, ஒரு ஆர்டருக்கான செலவு 300 ரூபாய், ஒரு பேரிங்கை ஓராண்டு வைத்திருக்க வட்டி, வாடகை எல்லாம் சேர்த்து 24 ரூபாய் என்றால், 2ஐயும் 2,400ஐயும் 300ஐயும் பெருக்கி, 24ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 245 வரும். இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்தது அதன் பெருந்தன்மை. 245க்குப் பதிலாக அதைவிட ஒன்றரை மடங்கு வாங்கினாலும் செலவு 8 சதவீதம்தான் கூடும். ஆகவே சப்ளையரின் கட்டு அளவுக்கு ஏற்ப 250 என்றோ 300 என்றோ தயங்காமல் முழுமைப்படுத்திக்கொள்ளலாம். ஆனால் ஸ்கீம் தருகிறார்கள் என்பதற்காக 1,500 வாங்கினால் அந்தத் தள்ளுபடியை வட்டியே தின்றுவிடும்.

சரக்கே வைக்காமல் தொழில் செய்யலாம் என்று யாராவது டொயோட்டாவை உதாரணம் காட்டினால் நம்பிவிடாதீர்கள். 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு செமிகண்டக்டர் சிப்புகளுக்கு மட்டும் பல மாத இருப்பைத் தன் சப்ளையர்கள் வைத்திருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டது அதே டொயோட்டாதான். 2021இல் உலகம் முழுவதும் சிப் தட்டுப்பாடு வந்தபோது, தொடக்கத்தில் அந்த நிறுவனம் மற்றவர்கள் அளவுக்குத் திணறாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பதில்: பொள்ளாச்சி சில்லறை

வாங்குகிற பக்கத்திலிருந்து ஒரு மறுப்பு. இருப்பைக் குறைக்க உட்காருகிற எல்லோரும் பணமதிப்பை வைத்து ஏ, பி, சி என்று பிரித்து, சி வகையில் விழும் மலிவான பொருள்களைத் தூக்கி எறியச் சொல்வார்கள். உதிரிபாகத் தொழிலுக்கு அது ஒத்து வராது.

என்னிடம் வரும் மெக்கானிக் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு வருகிறார். அவருக்கு இரண்டு பேரிங், ஒரு சீல், ஒரு ஓ-ரிங், ஒரு புஷ் வேண்டும். இதில் பத்து ரூபாய் ஓ-ரிங் இல்லையென்றால் மற்ற நான்கையும் சேர்த்து இன்னொரு கடையில் வாங்கிக்கொள்வாரே தவிர, நான்கை மட்டும் என்னிடம் வாங்க மாட்டார். தோட்டத்தில் தென்னை காய்ந்துகொண்டிருக்கும்போது விவசாயி அவரைக் காத்திருக்க விடுவாரா? ஒவ்வொரு பொருளும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை இருப்பில் இருக்கும் என்று மொத்த வியாபாரி பெருமைப்பட்டாலும், ஐந்து பொருள்கள் சேர்ந்த ஆர்டர் முழுமையாகக் கிடைக்கும் வாய்ப்பு 77 சதவீதம்தான். அதாவது நான்கில் ஒரு மெக்கானிக் ஏறத்தாழ ஏமாந்து போகிறார்.

ஆகவே ஓ-ரிங், புஷ், வாஷர் போன்ற மலிவான, இடம் பிடிக்காத பொருள்களைத் தாராளமாகவே வைத்திருங்கள். குறைக்க வேண்டியது இம்பெல்லர், பெரிய பம்ப் உறை, அதிக விலையுள்ள கேபிள் போன்றவற்றில். ரப்பர்ப் பொருள்களில் மட்டும் ஒரு கவனம் வேண்டும்: வெயில் படும் ஜன்னலோரத்தில் ஆணியில் மாட்டி வைத்த ஓ-ரிங் நீட்டிப் பார்த்தால் மேலே பொடிப்பொடியாக வெடிப்பு விட்டிருக்கும். ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டரும் அப்படித்தான், பல ஆண்டுகள் சும்மா கிடந்தால் உள்ளிருக்கும் ஆக்சைடு படலம் வலுவிழந்துவிடும். புதிதாக வந்ததை முன்னால் அடுக்கிப் பழையதைப் பின்னால் தள்ளும் பழக்கம் எங்கே இருந்தாலும் அதை முதலில் நிறுத்த வேண்டும். பின்பக்கத்திலிருந்து நிரப்பி முன்பக்கத்திலிருந்து எடுக்கும்படி ரேக்கைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டால் பழையது தானாகவே முதலில் வெளியேறும்.

பதில்: தணிக்கைக் கோணம்

வங்கி மேலாளர் சொல்வதன் பொருளைச் சற்று விளக்குகிறேன். சரக்கை ஈடாக வைத்து வங்கி தரும் கேஷ் கிரெடிட் கடன் கணக்கில் நீங்கள் எடுக்கக்கூடிய தொகை, சரக்கின் மொத்த மதிப்பைப் பார்த்து வருவதில்லை. சரக்கிலிருந்து அதற்காகக் கொடுக்க வேண்டிய பாக்கியைக் கழித்து, மீதியில் பெரும்பாலும் 25 சதவீதத்தை மார்ஜினாக விட்டுவிட்டுத்தான் கணக்கிடுவார்கள். 80 லட்சம் சரக்கு, 30 லட்சம் பாக்கி என்றால் சரக்கின் பேரில் கிடைப்பது 37.5 லட்சம். நீண்ட காலம் அசையாத சரக்கை ஆய்வாளர் கண்டுபிடித்தால் அதையும் நீக்கிவிடுவார். மாதந்தோறும் கொடுக்கும் ஸ்டாக் அறிக்கைக்கும் ஆண்டிறுதிக் கணக்குக்கும் பொருத்தம் இல்லாமல் இருந்தால் அடுத்த புதுப்பித்தலில் கேள்விகள் நிச்சயம்.

பாக்கியைப் பற்றிய இன்னொரு விஷயம் கோவைக்காரர்களுக்கு மிகவும் பொருந்தும். உங்கள் சப்ளையர்களில் பலர் கணபதி, ஆவாரம்பாளையம் பகுதியின் குறு, சிறு உற்பத்தியாளர்களாக இருப்பார்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற அத்தகையவர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லையென்றால் 15 நாட்களுக்குள்ளும் பணம் கொடுத்தாக வேண்டும். கெடு தாண்டினால், 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். முன்பெல்லாம் மெதுவாக ஓடும் சரக்கைச் சப்ளையரின் பணத்திலேயே ஆறு மாதம் வைத்திருந்தவர்கள் உண்டு. இப்போது 45 நாளுக்கு மேல் ரேக்கில் கிடக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் உங்கள் பணமோ வங்கியின் பணமோதான் வட்டி சுமக்கிறது. சரக்கு வைத்திருப்பதன் செலவு கூடியதற்கு வாடகையைவிட இதுவே பெரிய காரணம்.

நீலம்பூர் ஷெட்டை எடுப்பதானால் முதல் பெட்டி இறங்குவதற்கு முன்பே அதை ஜி.எஸ்.டி. பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்த்துவிடுங்கள், அங்குள்ள சரக்குக்குத் தனி இருப்புப் பதிவும் வேண்டும். அறிவிக்காத இடத்தில் சரக்கு அகப்பட்டால் விளக்கம் சொல்லி மாளாது. ஒரே பதிவுக்குள் இரு குடோன்களுக்கிடையே மாற்றும்போது வரி இல்லை, டெலிவரி சலான் போதும். தமிழ்நாட்டுக்குள் மதிப்பு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் சரக்குப் போக்குவரத்துக்கான மின்னணுச் சீட்டான இ-வே பில் வேண்டும். காப்பீட்டுப் பாலிசியிலும் அந்த முகவரி இருக்கிறதா என்று பாருங்கள்.

மீண்டும்: கோவை உதிரிபாகம்

அனைவருக்கும் நன்றி. ஷெட் விஷயத்தைத் தள்ளிப்போட்டு, ரேக்குகளுக்கு எண் போடும் வேலையை ஆயுத பூஜைச் சுத்தத்தோடு சேர்த்து முடிக்கலாம் என்று அப்பாவிடம் பேசியிருக்கிறேன். இன்னும் ஒரே ஒரு சந்தேகம். உற்பத்தி நின்றுபோன மாடல்களுக்கான வார்ப்பிரும்பு இம்பெல்லர்கள் பின்சுவர் முழுவதும் கிடக்கின்றன. அவற்றைப் பழைய இரும்புக்குப் போடுவதா, கணக்கில் தள்ளுபடி செய்வதா? என்றைக்காவது யாராவது கேட்பார்கள் என்பது அப்பாவின் வாதம்.

பதில்: தணிக்கைக் கோணம்

விற்பது நல்லது, வெறுமனே தள்ளுபடி செய்வது நல்லதல்ல. தள்ளுபடி செய்தாலோ அழித்தாலோ, அவற்றை வாங்கியபோது கட்டி, பிறகு உங்கள் வரியில் கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரியை ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவுப்படி திருப்பிக் கட்ட வேண்டும். இரும்பு விலைக்கே என்றாலும் பில் போட்டு, வரி வசூலித்து விற்றால் அந்தப் பிரச்சினை எழாது. நட்டமும் முறையாகக் கணக்கில் ஏறும். அதுவரை ஆண்டிறுதி இருப்பில் அவற்றை வாங்கிய விலைக்குக் காட்டாமல், இன்று விற்றால் கிடைக்கும் விலைக்கே காட்டுங்கள்.

பதில்: பொள்ளாச்சி சில்லறை

உங்கள் அப்பாவின் வாதத்திலும் நியாயம் உண்டு. எங்கள் பக்கத் தோட்டங்களில் இருபது ஆண்டுப் பழைய மோனோபிளாக் பம்ப் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மாடல் வாரியாக எண்ணி, படத்தோடு ஒரு பட்டியலை உங்களிடம் வாங்கும் வெளியூர்க் கடைகளுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தீபாவளிக்குள் யாரும் கேட்காத மாடலில் இரண்டிரண்டு மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எடைக்குப் போடலாம். எனக்கு முதல் பட்டியலை அனுப்பிவையுங்கள், நான்கைந்து மாடல்களை நானே எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.